கோழிக்காரர் இறக்கிய குஞ்சுகள்

மார்ச் 11

அக்கா,

நீ போனை எடுக்கவில்லை. கடைசி இரண்டு முறை மணியே அடிக்காமல் நின்றுபோனது. என் எண்ணை ஏதோ செய்துவிட்டாய் போலிருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். இதையும் கிழித்துப் போட்டால் நேரில் வந்து வாசலில் நிற்க வேண்டியதுதான். அதற்கு இப்போது தைரியம் இல்லை.

முதலில் பருந்துக் குஞ்சுகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இரண்டும் உயிரோடு இருக்கின்றன. மூத்தது தலையை நிமிர்த்தி உட்காருகிறது, கிட்டே போனால் முறைக்கிறது. இளையதுதான் பயமாக இருக்கிறது. கழுத்தைத் தொங்கப் போட்டபடி கிடக்கிறது. வாயைத் திறந்து பார்த்தால் சிவந்திருக்க வேண்டிய இடம் துவைத்த துணி மாதிரி வெளுத்திருக்கிறது. எங்கள் பறவை ஆஸ்பத்திரியில் சூடான பெட்டியில் வைத்து, குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாகத் திரவம் கொடுக்கிறோம். விஷமாக இருக்கும் என்று டாக்டரம்மா சந்தேகப்படுகிறார். என்ன விஷம் என்று தெரியவில்லை. செத்துப்போன தாய்ப்பருந்தையும் பக்கத்தில் கிடந்த கோழியையும் சோதனைக்கு அனுப்பியிருக்கிறோம்.

இனி நீ கேட்க நினைப்பது. ஆமாம், வன அதிகாரிக்குத் தகவல் சொன்னது நான்தான். இப்படிச் சந்தேகமான சாவு என்றால் நாங்கள் சொல்லியாக வேண்டும். யார் நிலம், பக்கத்தில் என்ன கிடந்தது என்று கேட்டார். பார்த்ததைச் சொன்னேன். வேலியோரம் செத்துக் கிடந்த இரண்டு பெரிய பருந்துகள், பக்கத்தில் பாதி தின்ற கோழி, கொட்டகையில் பூச்சிமருந்து டப்பா. போன மாதம் கோழிக்குஞ்சைப் பருந்து தூக்கிக்கொண்டு போனபோது அத்தான் சொன்னாரே, “இதுங்களுக்கு ஒருநாள் முடிவு கட்டறேன் பாரு” என்று, அதையும் சொன்னேன். கேட்டார், சொன்னேன். அத்தான்தான் செய்தார் என்று நான் சொல்லவில்லை. அது மட்டும் உனக்குத் தெரிய வேண்டும்.

இதை அத்தானிடமும் சொல்.

தம்பி

மார்ச் 17

தம்பிக்கு,

கிழிக்கவில்லை. இரண்டு தரம் படித்தேன். இரண்டாம் தரம் படித்தபோதுதான் கோபம் வந்தது.

அத்தான்தான் செய்தார் என்று நீ சொல்லவில்லையாம். இலையைப் போட்டு, சோற்றை வைத்து, குழம்பையும் ஊற்றிவிட்டு, ‘சாப்பிடு என்று நான் சொல்லவில்லையே’ என்கிறாய். அந்தப் பருந்துகள் செத்துக் கிடந்ததைப் பார்த்து உனக்குப் போன் போட்டு வரவழைத்தது யார் என்று அதிகாரியிடம் சொன்னாயா? “மேல குஞ்சு கத்துது, அம்மா அப்பா இல்லாம அதுங்க ராத்திரி தாங்காது” என்று அந்தத் தைலமரத்தில் ஏறியது யார் என்று சொன்னாயா? அந்த வயதில், அந்த முட்டியை வைத்துக்கொண்டு ஏறினார். ஏணியை நீதான் பிடித்துக்கொண்டிருந்தாய். குஞ்சு கிழித்த கீறல் அவர் கையில் இன்னும் ஆறவில்லை. வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

வனத்துறை வண்டி வந்தது காலையில், முட்டை எடுக்க ஆட்கள் வரும் நேரம். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் கொட்டகைக்குள் போய், கையுறை மாட்டிக்கொண்டு, அந்த டப்பாவை ஒரு பையில் போட்டு எல்லார் கண்ணெதிரிலும் எடுத்துப்போனார். வேலிக்கு அந்தப் பக்கம் தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. “கோழி எப்படி செத்துச்சு?” என்று அதிகாரி கேட்டார். “சீக்கு சார், ரெண்டு நாளா தலை சாஞ்சு நின்னுது” என்றார் உன் அத்தான். “அப்ப ஏன் புதைக்கல?” என்று கேட்டார். புதைக்கத்தான் இவர் மண்வெட்டியோடு போயிருந்தார். போன இடத்தில் பருந்துகளைப் பார்த்துவிட்டுக் கோழியை மறந்துவிட்டார்.

ரொட்டிக்கடைக்காரர் முட்டை வேண்டாம் என்று சொல்லியனுப்பிவிட்டார். எதிர்வீட்டு டீச்சர் வாங்கிய முட்டைகளைத் திருப்பிக் கொடுத்தார். “தப்பா நினைக்காதீங்க, வீட்ல சின்னப் பசங்க இருக்காங்க” என்றார். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது.

போன் செய்யாதே. தன் போனில் உன் பெயரைப் பார்த்தாலே அவர் எழுந்து வெளியே போய்விடுகிறார். எழுது. குஞ்சுகள் எப்படி இருக்கின்றன என்று மட்டும் எழுது. அவர் கேட்கிறார்.

அக்கா

மார்ச் 25

அக்கா,

இளையதுக்கு ஊசி போட்டோம். ஊசி போட்ட இடத்தில் ரத்தம் நிற்கவே இல்லை. ஒரு துளிப் புள்ளி அது, பஞ்சை வைத்து அழுத்தினேன். எடுத்தால் திரும்பக் கசிகிறது. என் விரலெல்லாம் ரத்தம். டாக்டரம்மா இறக்கையைத் தூக்கிப் பார்த்தார். இறகுக்கு அடியில் நீலம் பாரித்திருந்தது. “இது பயிர் மருந்து இல்ல. எலி மருந்து. ரத்தத்தை உறையவிடாது. மருந்தைத் தின்ன எலி உடனே சாகாது, தள்ளாடிக்கிட்டு வெளியில வரும். பருந்துக்கு அதைவிட சுலபமான இரை ஏது?” என்றார்.

ஆக, தாயும் தகப்பனும் எலியைத் தின்று, அதையே கிழித்துக் குஞ்சுகளுக்கும் ஊட்டியிருக்கின்றன. கோழிக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்காது என்கிறார். சோதனை முடிவு வந்தால்தான் உறுதி. இதற்கு மாற்று மருந்து உண்டு. வைட்டமின் கே. அன்றே ஆரம்பித்துவிட்டோம். இப்போது இளையது வாயைத் திறந்து இரை கேட்கிறது.

அறைக்குள் நாங்கள் பேசுவதே இல்லை. முகத்தில் துணி கட்டிக்கொண்டு, பருந்துத் தலை மாதிரி தைத்த உறையைக் கையில் மாட்டித்தான் ஊட்டுகிறோம். மனிதன்தான் சோறு போடுகிறவன் என்று குஞ்சு பழகிவிட்டால் வெளியே போய்ப் பிழைக்காது.

ஒன்று கேட்க வேண்டும், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. நம் கொட்டகையில் தீவன மூட்டை இருக்கிறதே, அங்கே நீங்கள் எலி மருந்து ஏதாவது வைத்ததுண்டா?

தம்பி

ஏப்ரல் 3

தம்பிக்கு,

முதலில் அவர். இப்போது நானா?

நீ படித்தவன், அதனால் நிதானமாகவே சொல்கிறேன். கோழி தரையில் கிடப்பதை எல்லாம் கொத்தும். கல்லைக் கொத்தும், ஆணியைக் கொத்தும், என் கால் விரல் நகத்தைக் கொத்தும். கோழி வளர்க்கிற வீட்டில் எவனாவது எலி மருந்து வைப்பானா? எங்களிடம் இருப்பது கம்பிப் பொறி. சின்ன வயதில் நீயே அதில் விரலை விட்டுக்கொண்டு அழுதிருக்கிறாய். எலி மருந்து வேண்டுமென்றால் தானியக் கிடங்கில் போய்க் கேள். சுவரோரம் நெடுக நீல நிற வில்லைகள் வைத்திருக்கிறார்கள். அங்கே எந்த வண்டியும் போய் நிற்கவில்லை.

எலி மருந்துதான் என்று எழுதிவிட்டாய். சந்தோஷம். வண்டி வந்ததைத் தெருவே பார்த்தது. எலி மருந்துதான் என்பதை நான் வீடு வீடாகக் கதவைத் தட்டிச் சொல்லவா? சொன்னேன், டீச்சரிடம் சொன்னேன். “அப்படியா, நல்லதாப் போச்சு” என்றார். முட்டை மட்டும் வாங்கவில்லை.

குஞ்சுகள் எதிரில் முகத்தில் துணி கட்டிக்கொண்டு பேசாமல் இருக்கிறீர்களாமே. அதிகாரி எதிரிலும் அந்தத் துணியைக் கட்டியிருக்கலாம்.

இளையது இரை கேட்கிறது என்று அவரிடம் சொன்னேன். கீறல் விழுந்த கையைக் காட்டி, “இதைப் பண்ணது பெரிசு. அது பிழைச்சுக்கும், ரோஷக்காரப் பய” என்றார். அன்றைக்குக் கொஞ்சம் சாப்பிட்டார்.

அக்கா

ஏப்ரல் 29

அக்கா,

மூத்தது போய்விட்டது.

எப்படி எழுதுவது என்று தெரியாமல் இத்தனை நாள் எழுதவில்லை. நன்றாக இருந்தது அக்கா. கட்டையில் ஏறி நின்று இறக்கையை விரித்து அடித்துக்கொள்ளும். பெட்டியிலிருந்து கூண்டுக்கு முதலில் போனதும் அதுதான். ரத்தம் சரியாக உறைகிறது என்று மருந்தைக் குறைத்து, பிறகு நிறுத்தினோம். ஒரு நாள் பறக்கப் பார்த்து இறக்கையைக் கம்பியில் மோதிக்கொண்டது. பெரிய அடி இல்லை. சாயங்காலம் இரை தின்றது. காலையில் நான் போய்ப் பார்த்தபோது கட்டைக்குக் கீழே இறக்கைகளை விரித்தபடி, வெயில் காய்கிற மாதிரி படுத்திருந்தது. தூக்கினேன், விறைத்திருந்தது. உள்ளே ரத்தம் கசிந்து நெஞ்செல்லாம் நிறைந்திருக்கிறது. சில எலி மருந்துகள் ஈரலில் தங்கி மெல்ல மெல்ல வேலை செய்யுமாம். ஊசியை நிறுத்தியது சீக்கிரமாகிவிட்டது என்று டாக்டரம்மா சொன்னார். யாரையும் குற்றம் சொல்லவில்லை, தன்னைத்தான் சொல்லிக்கொண்டார்.

அன்றைக்கே சோதனை முடிவும் வந்தது. தாய்ப்பருந்தின் ஈரலில் இருந்தது எலி மருந்துதான். அந்தக் கோழியில் விஷமே இல்லை. நோயில் செத்த கோழி, அத்தான் சொன்னபடியே.

முடிவை எடுத்துக்கொண்டு அதிகாரியிடம் போனேன். அத்தான் மேல் தப்பில்லை என்று ஊரில் வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டேன். “நாங்க அவர்மேல குற்றமே சாட்டலையே. விசாரிச்சோம், அவ்வளவுதான். சாட்டாத குற்றத்தை எப்படி வாபஸ் வாங்கறது?” என்றார். நான் உனக்கு எழுதிய முதல் கடிதத்தில் இருந்ததும் இதே பேச்சுதானே.

கிடங்குக்கு எச்சரிக்கைக் கடிதம் போட்டிருக்கிறார்களாம். வில்லைகளைப் பெட்டிக்குள் வைக்கச் சொல்லி.

மூத்தது செத்ததை அத்தானிடம் நீயே சொல். நான் சொல்லச் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

தம்பி

மே 20

தம்பிக்கு,

சொன்னேன். “பெரிசா?” என்று கேட்டார்.

கோழிகளை விற்றுவிட்டோம். கூண்டு கூண்டாக வண்டியில் ஏற்றினார்கள். முட்டை போகாமல் எத்தனை நாளைக்குத் தீவனம் போடுவது? ரொட்டிக்கடைக்காரர் வேறு இடத்தில் வாடிக்கை வைத்துக்கொண்டார், அவர் மேல் தப்பில்லை. உன் அத்தான் துறைமுகப் பக்கம் ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலைக்குப் போயிருக்கிறார். பெட்டி ஏற்றி இறக்குகிற இடத்தில் கணக்குப் பார்க்கிற வேலை. மாதம் ஒரு தடவை வருவதாகச் சொல்லியிருக்கிறார். குளிர் முட்டிக்கு ஆகாது என்றேன். “கோழி இல்லாத வீட்ல உட்கார்ந்திருக்கிறதுதான் ஆகல” என்றார்.

விடிந்தால் கொட்டகையில் சத்தம் இல்லை. பழக்கத்தில் முந்தானையில் தீவனத்தை அள்ளிக்கொண்டு போய் நின்றுவிட்டுத் திரும்பி வருகிறேன். பைத்தியக்காரி என்று நினைப்பார்கள், நினைக்கட்டும்.

இளையது எப்படி இருக்கிறது? அவர் போகும்போது கேட்டுவிட்டுப் போனார்.

அக்கா

ஜூன் 2

அக்கா,

இளையது நீண்ட கூண்டில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பறக்கிறது. உயிருள்ள எலியைத் தானே பிடிக்கிறது. மருந்தை இந்தத் தடவை வெகுநாள் கழித்துத்தான் நிறுத்தினோம். தினமும் வாயைத் திறந்து பார்க்கிறேன், நல்ல சிவப்பு.

இனிதான் கஷ்டமான பேச்சு. பருந்துக் குஞ்சைச் சும்மா கூண்டைத் திறந்து விரட்டிவிட முடியாது. சாதாரணமாகப் பறக்கப் பழகிய பிறகும் தாயும் தகப்பனும் வாரக்கணக்கில் இரை கொடுக்கும். இதற்கு யாரும் இல்லை. அதனால் விடுகிற இடத்திலேயே ஒரு கூண்டு கட்டி, சில நாள் அதிலிருந்தபடியே சுற்றுப்புறத்தைப் பார்க்கவிட்டு, பிறகு திறந்துவிட வேண்டும். திறந்த பிறகும் அதே மேடையில் தினமும் இறைச்சி வைக்க வேண்டும். வேட்டை கைகூடும்வரை அது வந்து தின்றுவிட்டுப் போகும். தானியக் கிடங்கில் இப்போது எல்லா வில்லையும் பெட்டிக்குள்தான் இருக்கிறது, டாக்டரம்மாவே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பிறந்த இடமே நல்லது என்கிறார்.

பிறந்த இடம் உன் வேலியோரத்து மரம்.

உன் கொட்டகைக்குப் பின்னால் பழைய தண்ணீர்த் தொட்டி இருக்கிறதே, அதன் மேல்தளம் போதும். கேட்க எனக்கு வாயில்லை. முடியாது என்றால் முடியாது என்று எழுது, வேறு இடம் பார்ப்போம்.

தம்பி

ஜூன் 10

தம்பிக்கு,

அவரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். போனில் முதலில் இளையது நன்றாகப் பறக்கிறதா என்று கேட்டார். பிறகு, “அது வீடு அது. நாம யாரு வேணாம்னு சொல்ல?” என்றார்.

பதினெட்டாம் தேதி வாருங்கள். அவர் அப்போது வரமாட்டார். டாக்டரம்மாவுக்கும் சேர்த்துச் சமைக்கிறேன். எனக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடு, செய்கிறேன். இத்தனை வருஷம் கோழியைப் பருந்திடமிருந்து காப்பாற்றினேன், இனி பருந்துக்கு நானே கோழிக்கறி நறுக்கிப் போட வேண்டும். காலம் செய்கிற வேடிக்கை.

அக்கா

ஜூலை 9

அரை டாக்டருக்கு,

அன்று வந்தபோது உன்னோடு சரியாகப் பேசவில்லை. டாக்டரம்மா இருந்தார் என்பது ஒரு சாக்கு. நீ சாப்பிட்ட தட்டை நீயே கழுவி வைத்துவிட்டுப் போனதைப் பிறகுதான் பார்த்தேன். இந்த வீட்டில் அப்படி ஒரு நாளும் நீ செய்ததில்லை. விருந்தாளி மாதிரி. எனக்கு அழுகை வந்துவிட்டது.

நீ சொன்னபடியே செய்தேன். என் முகம் தெரியாமல் கூண்டில் நீங்கள் பொருத்திய குழாய் வழியாகக் கறியைத் தள்ளிவிட்டேன். பேசவில்லை, இருமல் வந்தால்கூட அடக்கிக்கொண்டேன். அது கம்பி வழியாகத் தைலமரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

மூன்றாம் தேதி காலை, நன்றாக விடிந்ததும் தூரத்திலிருந்து கயிற்றை இழுத்தேன். கதவு திறந்தது. அது வரவில்லை. அடுப்பில் வேலை கிடந்தது, நான் அசையவில்லை. பிறகு நடந்து வந்து தொட்டி விளிம்பில் நின்றது. கீழே பார்த்தது. குதித்ததா பறந்ததா என்று தெரியவில்லை, விழுகிறது என்றுதான் நினைத்தேன், வாயில் கையை வைத்துக்கொண்டேன். கொட்டகைக் கூரையைத் தொட்டு, மேலேறி, மரத்தில் போய் இறங்கியது. இறங்கத் தெரியவில்லை. கிளையைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கி, அடித்துப் பிடித்து நிமிர்ந்தது. நான் சிரித்தேன். இந்த வருஷத்தில் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

இப்போது தினமும் மேடைக்கு வருகிறது. காகங்கள் விரட்டுகின்றன. முதலில் பயந்து ஓடியது, நேற்று ஒன்றைத் திருப்பி விரட்டியது.

அக்கா

ஜூலை 24

அக்கா,

காகத்தை விரட்டியதை டாக்டரம்மாவிடம் படித்துக் காட்டினேன். ஆஸ்பத்திரியே கூடிக் கேட்டது.

உன்னிடம் சொல்லாமல் ஒரு காரியம் செய்தேன். போன ஞாயிற்றுக்கிழமை குளிர்பதனக் கிடங்குக்குப் போனேன். வாசலில் பெயர் சொல்லி அனுப்பினேன். அத்தான் திருப்பி அனுப்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். தடிமனான கோட்டு போட்டுக்கொண்டு வந்தார். கேன்டீனில் டீ வாங்கிக் கொடுத்தார். வெயில் எப்படி, பஸ் கூட்டமா என்று கேட்டார். மன்னிச்சிடுங்க அத்தான் என்று ஆரம்பித்தேன். “அதெல்லாம் விடு. எனக்கு உன்மேல கோபம் இல்ல” என்றார். சின்னது எத்தனை உயரம் பறக்கிறது, மீன் தின்னுமா என்றெல்லாம் கேட்டார். பஸ் நிறுத்தம்வரை கூடவே வந்து, பஸ் கிளம்பும்வரை நின்றார்.

வரும் வழியெல்லாம் மனசு லேசாக இருந்தது. கோபம் இல்லை என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். அடுத்த மாதம் அவர் லீவில் வரும்போது நானும் வரட்டுமா? மூன்று பேரும் சேர்ந்து பார்க்கலாம்.

தம்பி

ஆகஸ்ட் 8

தம்பிக்கு,

நம் பறவை முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தது. பிறகு இரண்டு நாள் விட்டு. வைத்த கறியை இப்போது காகம்தான் தின்கிறது. போன வாரம் வெட்டவெளியின் மேல் ஒரு பருந்து வட்டமிட்டுக்கொண்டே ஏறியது. காலில் நீங்கள் போட்ட அடையாள வளையம் தெரிகிறதா என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். அவ்வளவு உயரத்தில் என்ன தெரியும்? அதுதான் என்று வைத்துக்கொண்டேன். கறி வைப்பதை நிறுத்திவிடலாமா என்று டாக்டரம்மாவைக் கேட்டுச் சொல்.

அவர் வந்திருக்கிறார். வந்த அன்றே தொட்டிமேல் ஏறிப் பார்த்தார், ஏறாதீர்கள் என்றால் கேட்கவில்லை. எச்சம் விழுந்த இடத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவினார். ஒரு இறகு கிடந்ததாம், எடுத்துவந்து என்னிடம் கொடுத்தார். இரண்டு சாயங்காலம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்தார். அது வரவில்லை.

கொஞ்சம் கோழி திரும்ப வாங்கலாம் என்றும் பேச்செடுத்தார். பத்துப் பதினைந்து, வீட்டுக்கு மட்டும்.

நீ கேட்டிருந்ததை நேற்று அவரிடம் கேட்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். “தம்பி வரேன்னு எழுதியிருக்கான், நீங்க இருக்கும்போதே வரட்டுமா?” என்றேன்.

“வரட்டும். அவன் அக்கா வீடு” என்றார்.

எனக்கு அதுவே போதும் என்று எழுந்தேன். அவர் உரிப்பதை நிறுத்தவில்லை. கீழே பார்த்தபடியே சொன்னார். “கோபம்னா ரெண்டு நாள் கத்திட்டு விட்டுடலாம். இது அது இல்ல. நாளைக்கே ஒரு கோழி தலையச் சாச்சுக்கிட்டு நின்னா, அவன் கோழியப் பார்க்கிறானா என்னைப் பார்க்கிறானான்னு நான் அவன் மூஞ்சியவே பார்த்துக்கிட்டு இருப்பேன். அவன் ஒண்ணுமே நினைக்கலன்னாலும் பார்ப்பேன். ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருந்தான்னா... சரி விடு. அவன் நல்ல பையன்தான்.”

இதை உனக்கு எழுத வேண்டுமா என்று ராத்திரியெல்லாம் யோசித்தேன். எழுதாவிட்டால் நீ சந்தோஷமாக வந்து இறங்குவாய். அவர் உனக்கு டீ போட்டுக் கொடுப்பார், வெயில் எப்படி என்று கேட்பார். நீ லேசான மனசோடு திரும்பிப் போவாய். அவர் ராத்திரி தூங்கமாட்டார்.

நீ என் தம்பி. அவர் என் புருஷன். இரண்டு பேருமே கெட்டவர்கள் இல்லை. அதனால்தான் யாரிடம் சண்டை போடுவது என்றே எனக்குத் தெரியவில்லை.

அவர் பன்னிரண்டாம் தேதி காலை வண்டிக்குக் கிளம்புகிறார்.

நீ பதின்மூன்றாம் தேதி வா.

அக்கா